பஞ்சுக்குள் இருந்த கற்கண்டு

நானா,

இன்று காலை காத்தோங்கில் ஒரு சீன அம்மாள் என் டாக்ஸியில் ஏறினார். சிலோன் ரோட்டுப் பிள்ளையார் கோயிலைத் தாண்டுவதற்குள் அவர் முகம் வெளுத்துப்போய், ஜன்னலில் தலையைச் சாய்த்துவிட்டார். வண்டியை ஓரம் கட்டினேன். பின்பக்கம் ஓடி, டிக்கியைத் திறந்து, நம் பெட்டியை வெளியே எடுத்தேன். மூடியை நெம்பியதும் அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. தைலம், ரப்பர், கொஞ்சம் பெட்ரோல், துவைத்துப் பெட்டியில் வைத்த கைலித் துணி. இத்தனையும் சேர்ந்தால் உங்கள் சட்டை வாசனை. நீங்கள் போன நாளிலிருந்து அந்தப் பெட்டியைத் திறக்காமல் ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார். எனக்குத்தான் தெளியவில்லை. அவரை இறக்கிவிட்டு வந்து, வண்டியை ஒரு மரத்தடியில் போட்டு, என் மகள் பின் சீட்டில் விட்டுப்போன பள்ளி நோட்டை ஸ்டியரிங் மேல் வைத்து எழுத ஆரம்பித்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். நீங்கள் படிக்கப்போவதில்லை என்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை.

நாளை உங்கள் வீட்டில் நாற்பதாம் நாள் பாத்திஹா. வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அதனால் இன்றே, மதியத்துக்கு மேல், எனக்கு அண்ணி முறையான உங்கள் மனைவி மச்சியிடம் போய் ஒன்றைச் சொல்லப் போகிறேன். ஏழு வருடமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது அது. இந்தப் பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தவன் நான். அதனால்தான் உங்கள் கால் ஊனமானது. உங்களிடம் சொல்லாததை மச்சியிடம் முதலில் சொல்வது முறையில்லை என்று தோன்றியது. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கு எதையும் நடுவிலிருந்து சொல்லத் தெரியாது. அது உங்களுக்கே தெரியும்.

சிராங்கூன் ரோட்டில் ட்ராலி பஸ்கள் தலைக்கு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிய காலம். நாம் இருவரும் ஒரு வண்டியைப் பங்கு போட்டு ஓட்ட ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காலை ஆறு மணியிலிருந்து உங்களுக்கு, மதியம் இரண்டு மணியிலிருந்து எனக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பத்தையும் அதே வண்டியில் அடைத்துக்கொண்டு சாங்கி கடற்கரைக்குப் போனோம். திரும்பும் வழியில், ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில், விசிறி பெல்ட் அறுந்தது. முன்பக்கம் ஆவி கிளம்பியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆளில்லை. நான் வண்டியையும் வெள்ளைக்காரனையும் சாங்கி ரோட்டையும் சேர்த்துத் திட்டினேன். நீங்களோ கட்டியிருந்த கைலியின் ஓரத்தை நீளமாகக் கிழித்து, முறுக்கி, பெல்ட் இருந்த இடத்தில் இறுக்கிக் கட்டினீர்கள். கேலாங் வரைக்கும் அந்தக் கைலித் துண்டு நம்மைக் கொண்டுவந்து சேர்த்தது. நீங்கள் முழங்கால் தெரிய உட்கார்ந்து ஓட்டினீர்கள். மச்சி பின் சீட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேலாங் வரை சிரித்துக்கொண்டே வந்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

மறுநாளே நீங்கள் ஒரு சதுரமான பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தீர்கள். ஒரு புது பெல்ட், ஸ்பேனர், கட்டுக்கம்பி, பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய பட்டைகள், டார்ச் லைட். அதோடு நின்றிருந்தால் அது எல்லா டிரைவரும் வைத்திருக்கும் பெட்டி. உங்களுக்கு நிற்கத் தெரியாது. ஒரு வாரம் பஞ்சும் கட்டுத்துணியும் வந்தன. அடுத்த வாரம் புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்து, தைலம். பிறகு மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஊக்கு, காகிதத்தில் மடித்த புது பிளேடு, துவைத்த இரண்டு கைலி. யாராவது பசியோடு ஏறினால் கொடுக்க பிஸ்கட், அழும் பிள்ளைக்கு மிட்டாய், ஒரு பாட்டில் தண்ணீர்.

"இது டாக்ஸியா, டிஸ்பென்சரியா நானா?" என்று கேட்டேன்.

"ரோட்டுல யாருக்கு என்னா வரும்னு நமக்குத் தெரியுமா? இருக்கட்டும்லா," என்றீர்கள்.

பெட்டிக்கு ஒரே ஒரு சட்டம் போட்டீர்கள். எடுத்தவன் வைக்க வேண்டும். யார் கையில் வண்டி இருக்கும்போது எது செலவானதோ, அதை அவன்தான் வாங்கி வைக்க வேண்டும். வண்டி கைமாறும்போது, டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசல் பக்கத்தில், எஞ்சின் மூடிமேல் பெட்டியை வைத்துத் திறந்து இருவரும் ஒருமுறை பார்ப்போம். அதற்குப் பிறகுதான் சாவி கைமாறும். கோப்பிக் கடையில் இருந்த மற்ற டிரைவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். கல்யாணத்தில் சீர்வரிசை பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

அந்தச் சிரிப்பு ஒரே நாளில் நின்றது. கம்போங் கிராமத்திலிருந்து ஒரு மலாய்ப் பெண்ணை அவள் மாமியார் பிரசவத்துக்கு என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரிகிறது, முன்னால் லாரிகள் நகரவில்லை, பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. அந்த மாமியார் கேட்கக் கேட்க நான் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் நீட்டினேன். கைலி, பஞ்சு, பிளேடு. முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டு முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் செய்த பிரசவம் அவ்வளவுதான். ஆனால் கோப்பிக் கடையில் அதைச் சொல்லும்போது நானே டாக்டரானேன். ஒரு மாதத்துக்குச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் எடை கொஞ்சம் கூடிக்கொண்டே போனது. நீங்கள் கோப்பியைச் சாசரில் ஊற்றிக் குடித்துக்கொண்டே, "மாணிக்கத்துக்கிட்ட ஒரு விசயத்தச் சொன்னா போதும், நாளைக்கு ரேடியோவுல வந்துரும்," என்றீர்கள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அது வெறும் கேலி இல்லை என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது.

நோன்பு மாதம் வந்தால் நான் ஒரு வேலை செய்வேன். பிறை தெரிந்த செய்தி வந்ததும் பெட்டியில் இருக்கும் பிஸ்கட், மிட்டாய் எல்லாவற்றையும் எடுத்து என் வீட்டில் வைத்துவிடுவேன். காலையிலிருந்து எச்சில்கூட விழுங்காமல் வண்டி ஓட்டுகிறவர் கண்ணில் தின்பண்டம் படக்கூடாது என்று நானே கண்டுபிடித்த மரியாதை. பெருநாள் அன்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கித் திருப்பி வைப்பேன். முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"நோன்பு எனக்குத்தாண்டா. டப்பாவுக்கு இல்ல."

சொன்னீர்களே தவிர, என்னைத் தடுக்கவில்லை. உங்களுக்காக ஒருவன் மெனக்கெடுகிறான் என்பது உங்களுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. நானாவின் நோன்பை நான் காவல் காக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால், பிறை தெரிந்த சாயங்காலம், கெர்பாவ் ரோட்டில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறந்தேன். எறும்பு. சின்னச் சிவப்பு எறும்பு, டிக்கியின் ஓரமாக ஏறி, பெட்டிக்குள் இறங்கி, பிஸ்கட்டை விட்டுவிட்டு நேராகப் பஞ்சுச் சுருளுக்குள் போய்க்கொண்டிருந்தது. நீலக் காகிதத்தில் சுற்றிய பஞ்சு. பிரித்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்னத் துணி முடிச்சு. உள்ளே கற்கண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு இனிப்பென்றால் உயிர் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாக மச்சி உங்களுக்கு இனிப்பைக் குறைத்திருந்தார் என்பதும், கோப்பியில்கூடச் சீனி போடாமல் குடிக்கிறீர்கள் என்பதும் தெரியும். வயதாகிறது, அதனால் என்று நினைத்திருந்தேன். நானா பெண்டாட்டிக்குத் தெரியாமல் பஞ்சுக்குள் கற்கண்டை ஒளித்துவைத்துத் தின்கிறார் என்று முடிவு கட்டினேன். பெருநாள் அன்று பிரியாணிக்கு நடுவே, மச்சி முன்னாலேயே இதை எடுத்துவிட்டு உங்களை மடக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். எறும்பைத் தட்டிவிட்டு, பஞ்சைப் பழையபடி சுற்றி வைத்தேன். கற்கண்டு வீட்டுக்குள் போனது. மறுநாள் வெள்ளிக்கிழமை. முருகன் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் வைத்து, சாமி கும்பிட்டு, என் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டாள் என் வீட்டுக்காரி.

அன்று காலை ஆறு மணிக்கு உங்களிடம் சாவி கொடுத்தேன். நோன்பு மாதத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கும் வழக்கத்தை நாம் விட்டிருந்தோம். நான்தானே எல்லாவற்றையும் எடுத்து ஒழுங்கு செய்கிறவன்.

"பெட்டி பாத்தாச்சா?"

"பாத்தாச்சு நானா."

அந்த 'பாத்தாச்சு' என் வாயில் இன்னும் கசக்கிறது.

பதினோராம் நோன்பு அன்று காலை பத்து மணிக்கு மேல் கோப்பிக் கடைக்கு ஒருவர் ஓடிவந்து சொன்னார். புக்கித் தீமா ரோட்டில், கால்வாய் ஓரத்து மரத்தில் நம் வண்டி மோதியிருக்கிறது என்று. தெரிந்த ஒருவரின் லாரியில் ஏறிப் போனேன். அதற்குள் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வண்டியில் வேறு யாரும் இல்லை. அந்த மட்டுக்கு நல்ல வேளை. வண்டி மோதிய இடத்துக்கு ஐம்பதடி பின்னால், புல்லில், பெட்டி கவிழ்ந்து கிடந்தது. பெல்ட் ஒரு பக்கம், ஸ்பேனர் ஒரு பக்கம், கைலி விரித்துப்போட்டபடி. பஞ்சு மட்டும் முழுவதும் பிரிக்கப்பட்டுச் சாலை ஓரம் நீளமாகக் கிடந்தது. யாரோ வழிப்பறி செய்திருக்கிறார்கள் என்று போலீஸ்காரர் சந்தேகப்பட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

ஆஸ்பத்திரியில் மச்சி என்னிடம் எல்லாம் சொன்னார். உங்களுக்குச் சர்க்கரை வியாதி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தினம் காலையில் ஊசி. டாக்ஸி ஓட்டுகிறவர் ஊசி போட்டுக்கொள்கிறார் என்று வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் கோப்பிக் கடைக்கே தெரிந்துவிடும் என்று என்னிடமும் சொல்லவில்லை. நோன்பு வைக்கக்கூடாது என்று டாக்டர் கண்டித்திருக்கிறார். மார்க்கத்திலும் நோயாளிக்கு விலக்கு உண்டு என்று மச்சி மன்றாடியிருக்கிறார். ஏழு வயதிலிருந்து விடாத நோன்பை விட உங்களுக்கு மனசு வரவில்லை. கடைசியில் உங்கள் இருவருக்குள் ஓர் ஒப்பந்தம். நோன்பு வையுங்கள், சர்க்கரை இறங்கி உடம்பு நடுங்கி வேர்த்தால் அந்த நிமிடமே நோன்பை விட்டுவிட்டுக் கற்கண்டை வாயில் போட்டுக்கொள்ளுங்கள் என்று. என் மரியாதைக் கைக்கு எட்டக்கூடாது என்றுதான் அதைப் பஞ்சுக்குள் வைத்தீர்கள். சட்டைப் பையில் வைத்திருக்கலாம். நோன்பு வைத்த ஆளின் பையில் கற்கண்டை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சம்.

ஆகவே அன்று உங்களுக்கு நடுக்கம் வந்திருக்கிறது. ஒப்பந்தப்படி வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். பெட்டியைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, இல்லாததைத் தேடியிருக்கிறீர்கள். பிறகு ஏதாவது ஒரு கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மறுபடி வண்டியில் ஏறியிருக்கிறீர்கள். ஐம்பதடி ஓட்டியிருக்கிறீர்கள்.

புல்லில் நான் பொறுக்கிய சாமான் எதற்காக அப்படிக் கிடந்தது என்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குப் புரிந்தது. புரிந்த அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். மச்சி அழுதுகொண்டிருந்தார். அழுகை நிற்கட்டும் என்று இருந்தேன். நின்றபோது டாக்டர் வந்தார். டாக்டர் போனபோது உங்கள் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஊர் விஷயத்தை எல்லாம் ரேடியோ மாதிரி ஒலிபரப்புகிற வாய்க்கு அன்று பூட்டு விழுந்தது. பிறகு சாவி கிடைக்கவேயில்லை.

மறுநாள் உங்களுக்கு நினைவு வந்ததும் முதலில் கேட்டது, "பெட்டி?"

"எல்லாத்தையும் பொறுக்கிட்டேன் நானா."

"நல்லது," என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

கால் ஒன்று குட்டையானது. லைசென்ஸ் போனது. வண்டி முழுசாக என் கைக்கு வந்தது. நான் வேண்டாம் என்றேன், நீங்கள்தான் வற்புறுத்தினீர்கள். பள்ளிவாசல் பக்கத்தில் தொப்பியும் அத்தரும் தஸ்பீஹ் மணிகளும் விற்க ஒரு சின்னப் பெட்டிக்கடை போட்டு உட்கார்ந்தீர்கள். தினம் இரண்டு மணிக்கு நான் பழக்கம் மாறாமல் அங்கே வந்து நிறுத்துவேன். நீங்கள் கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பீர்கள். தைலம் குறைந்திருந்தால், "என்னா மாணிக்கம், எடுத்தவன்தானே வெக்கணும்," என்பீர்கள்.  தெரிந்துதான் சொல்கிறாரா? பழக்கத்தில் சொல்கிறாரா? உங்கள் முகத்தில் ஒன்றும் இருக்காது.

உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது நானா. டப்பாவுக்கு நோன்பு இல்லை என்று சொன்னவரே நீங்கள்தான். என்னைத் தவிர வேறு யார் அந்தப் பெட்டியில் கை வைப்பார்கள்? இருந்தும் ஏழு வருடத்தில் ஒரு நாளாவது கேட்டீர்களா? உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட உண்டு. ஒருமுறை அறைந்திருக்கலாம். கோப்பிக் கடையில் எல்லோர் முன்னாலும் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம். நான் காலில் விழுந்திருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். ஒரு பெருநாளில் துணிந்து, "நானா, அந்தக் கற்கண்டு..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்து, "ஆறிடும், சாப்புடு," என்றீர்கள். நான் சாப்பிட்டேன். எனக்கு அப்போது அது சௌகரியமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் போன அன்று ஜனாஸாவை எடுத்த பிறகு, நான் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மச்சி இத்தாவில் இருந்தார். நான்கு மாதம் பத்து நாளுக்கு வெளி ஆண்கள் முன் வரமாட்டார். உள்ளறை வாசலில் பச்சைத் திரை. அதற்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"தம்பி, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். அன்னைக்கிப் பஞ்சுல கற்கண்ட வெக்க மறந்தது நாந்தான். பழச எறும்பு அரிச்சிருக்கும், வண்டி வாசல்ல நிக்கிறப்ப எடுத்துட்டுப் புதுசு வெக்கணும்னு நெனச்சேன். நோம்பு வேலையில வெச்சேனா இல்லையான்னு நெனவே வரல. கடசி வரைக்கும் ஒரு வார்த்த கேக்கலயே தம்பி, இந்த மனுசன்."

 உங்கள் மௌனத்தை நீங்கள் எனக்குக் கொடுத்த மன்னிப்பாக வைத்திருந்தேன். அவரும் அதையே தனக்குக் கொடுத்த மன்னிப்பாக வைத்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க மச்சி," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் வாயடைத்தது ஒரு தப்பு என்றால் இது அதைவிடப் பெரியது. அதனால்தான் இன்று போகிறேன்.

போய்விட்டு வந்தேன் நானா. இப்போது ஃபேரர் பார்க் திடலோரம் வண்டியை நிறுத்தி எழுதுகிறேன். பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

உங்கள் மகள் தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதே பச்சைத் திரை. நான் திரையைப் பார்த்துச் சொன்னேன். எறும்பு வந்தது, பஞ்சைப் பிரித்தது, உங்களைப் பெருநாளில் கேலி செய்ய நினைத்தது, 'பாத்தாச்சு' என்று சொன்னது, ஏழு வருடம் மறைத்தது, அன்று திரைக்கு முன்னால் மறுபடி மறைத்தது, ஒன்றையும் விடவில்லை.  

"எங்க போச்சு அது?" என்று திரைக்குப் பின்னாலிருந்து மச்சி கேட்டார்.

"எங்க வீட்டுல... சாமிக்கு வெச்சிட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டோம் மச்சி."

"புள்ளைங்கதான் தின்னுச்சா."

"ஆமா மச்சி."

 பிறகு அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற எனக்கு உரிமை இல்லை.

"எடுத்ததுக்கு ஒங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். நல்லதுன்னு நெனச்சிதான் எடுத்தீங்க. ஆனா ஆசுபத்திரியிலயே சொல்லியிருந்தா, இந்த ஏழு வருசமும் அவங்க மொகத்தப் பாத்து நான் சோறு போட்டிருப்பேன். நிமிந்து பாக்க முடியலயே தம்பி. காலக் கெடுத்தவ நான்னு நெனச்சிக்கிட்டுக் குனிஞ்சே பரிமாறினேன். குனிஞ்சே இருந்துட்டேன். நாளைக்கி நீங்க வரவேணாம். என்னால ஆகாது. எப்பவாச்சும் மனசு வந்தா சொல்லி அனுப்புறேன்."

நான் எழுந்து வந்தேன். நாளை உங்கள் நாற்பதாம் நாளுக்கு எனக்கு இடமில்லை. நியாயம்தான். உங்களிடம் ஏழு வருடம் எதிர்பார்த்த திட்டு மச்சியிடமிருந்து வந்துவிட்டது, அதை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டால் பாரம் குறையும் என்று நம்பிப் போனேன். மாடிப்படி இறங்கும்போதுதான் வேறொன்று நினைவுக்கு வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இருக்கும். கடையில் வியாபாரம் இல்லாத ஒரு மதியம். நீங்கள் தொப்பிகளைத் தூசி தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"அவ என் மொகத்தப் பாக்குறதே இல்ல மாணிக்கம். சோறு போடுவா, துணி தோச்சிக் குடுப்பா, மருந்து குடுப்பா. பாக்க மட்டும் மாட்டா. நொண்டிப் புருசனப் பாக்கப் புடிக்கல போல. அவளச் சொல்லிக் குத்தமில்ல."

"சும்மா இருங்க நானா, வயசான காலத்துல ஒங்களுக்கு சினிமாக் காதல் கேக்குதா?" என்று நான் சிரித்தேன். நீங்களும் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தீர்கள். அடுத்த தொப்பியை எடுத்தீர்கள்.

அந்த எண்ணத்தோடுதான் போயிருக்கிறீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நிமிர்ந்திருப்பார், நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே வீட்டில், ஒரே தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த இரண்டு பேருக்கு நடுவில் நான் உட்கார்ந்து பிரியாணி தின்றிருக்கிறேன்.

நீங்கள் இப்படி நினைத்தீர்கள் என்று மச்சியிடம் சொல்லவா? சொன்னால் அவர் தாங்கமாட்டார். சொல்லாமல் இருந்தால், மறைப்பதே பிழைப்பாகப் போன பழைய மாணிக்கமாகவே இருப்பேன். இதைக் கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள் நீங்கள். வண்டியை எடுக்காமல் ஒரு மணி நேரமாக இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். வாடகைக்கு வந்த இரண்டு பேரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அவர் உங்களை வெறுக்கவில்லை நானா. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்தார், அவ்வளவுதான்.